ஐந்தில் ஒரு பங்கு ஸ்பிட்ஃபயர்: வாலில் ஏறிய அரைக் கிலோ

நான் கட்டிய ஸ்பிட்ஃபயர், இரண்டாம் உலகப்போரின் பிரிட்டிஷ் சண்டை விமானத்தின் ரேடியோவால் இயக்கும் மாதிரி. அது ஆறாவது முறை தரையிறங்கியபோது இடது சக்கரக் கால், அதைத் தாங்கிய பிளைவுட் பலகையோடு இறக்கையிலிருந்து பிய்ந்து வந்துவிட்டது. காற்று இல்லாத நாள், ஒட்ட வெட்டிய புல், வேகமும் சரி. புரொப்பெல்லர் இரண்டாக உடைந்தது, எஞ்சின் மூடி விரிந்தது, இறக்கையின் அடிப்பக்கத்தில் இரண்டு கை அகலத்துக்குக் குழி. பழுது பார்க்க ஐந்து மாதம், 340 பவுண்ட். அன்று ஓட்டியதில்தான் ஏதோ பிழை என்று பல வாரம் மனம் குமைந்தேன். இறக்கையை அறுத்து உள்ளே பார்த்து, விமானத்தைத் துண்டு துண்டாக எடை போட்ட பிறகுதான் தெரிந்தது: பிழை இரண்டு வருடத்துக்கு முன், வாலுக்குப் பால்சா என்ற லேசான மரத்தில் பலகை எடுத்த நாளிலேயே தொடங்கியிருக்கிறது. இங்கிலாந்தில் நான் பறக்கவிடும் இடத்தில் இந்த அளவில் யாரும் கட்டியதில்லை, கேட்க ஆள் இல்லை. இனி கட்டப்போகிறவர்களுக்காக எண்களோடு எழுதுகிறேன்.

முதலில் அளவுகள். ஸ்பிட்ஃபயரின் முதல் ரகமான மார்க் ஒன்றின் இறக்கை நீளம் 11.23 மீட்டர். ஐந்தில் ஒரு பங்கு என்றால் 2.25 மீட்டர். உடல் 1.82 மீட்டர். நிஜ விமானத்தின் இறக்கைப் பரப்பு 242 சதுர அடி. நீளம் ஐந்தில் ஒன்றானால் பரப்பு இருபத்தைந்தில் ஒன்றாகிவிடும், அதாவது 0.9 சதுர மீட்டர். வரைபடம் சொன்ன எடை 12 கிலோ. எஞ்சின் 60 சிசி பெட்ரோல், புரொப்பெல்லர் 22 அங்குல விட்டம், ஒரு சுற்றுக்கு 10 அங்குலம் முன்னேறும் சாய்வு. வரைபடமும், ரிப் எனப்படும் இறக்கையின் வெட்டிய விலாப்பலகைகளும் எஞ்சின் மூடியும் கண்ணாடிக் கூண்டும் 450 பவுண்ட், மரம் 300, எஞ்சின் 550, மடங்கும் கால்களும் சக்கரங்களும் 700, சுக்கான் போன்ற பாகங்களை அசைக்கும் சின்ன மோட்டார்களான சர்வோக்கள் 400, பேட்டரி, ரேடியோ ரிசீவர், ஸ்விட்ச் எல்லாம் 250, கண்ணாடியிழைத் துணி, அதை ஒட்டும் ரெசின், பெயின்ட் 250. ஏறத்தாழ 2,900 பவுண்ட். வாரம் பத்து மணி நேரம் என்று இரண்டே கால் வருடம் போனது. இது முதல் பெரிய விமானமானால், கையிலுள்ள பணத்தில் கால்வாசியைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். முதல் பத்துப் பறத்தலுக்குள் அது தேவைப்படும்.

இப்போது வாலுக்கு வருகிறேன். ஸ்பிட்ஃபயரின் ஈர்ப்பு மையம் இறக்கையில் வெகு முன்னால் இருக்கிறது. இந்த அளவில், இறக்கை உடலோடு சேரும் இடத்தின் முன்விளிம்பிலிருந்து சுமார் 130 மில்லிமீட்டர். அங்கிருந்து வால் சக்கரம் 105 செ.மீ. தூரம். மூக்கில் ஈயம் வைக்கக்கூடிய இடமோ 45 செ.மீ. தூரத்தில்தான். தராசுக் கோல் கணக்குத்தான் இது: வாலில் 100 கிராம் கூடினால் மூக்கில் 230 கிராம் ஈயம் வேண்டும். விமானம் ஏற்பது 330 கிராம். எனக்கு இது ஏட்டில் தெரியும், கையில் தெரியவில்லை. வாலில் நான்கு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். கிடைவாலுக்கும் செங்குத்துவாலுக்கும் 2 மி.மீ. போதும் என்ற இடத்தில் 2.5 மி.மீ. கெட்டிப் பால்சா போட்டதில் 130 கிராம். அசல் போலவே இருக்கவேண்டும் என்று வாங்கிய அலுமினிய வால் சக்கரத்தில் 100 கிராம். மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பான எலிவேட்டரின் சர்வோ இரண்டையும் வாலுக்குள்ளேயே வைத்ததில், தாங்கியும் கம்பியும் சேர்த்து 160. ரெசினிலும் பிரைமரிலும் 110. மொத்தம் அரைக் கிலோ. அதைச் சமன் செய்ய மூக்கில் 1,150 கிராம் ஈயம் போனது. மற்ற இடங்களில் கூடியதும் சேர்த்து, கட்டி முடித்து எடை போட்டபோது 14.1 கிலோ. அந்த எண்ணைப் பார்த்தபோது வயிற்றில் ஏதோ இறங்கியது போலிருந்தது. ஆனாலும் மனம் ஒப்பாமல், பறந்துவிடும் என்று சொல்லிக்கொண்டேன்.

பறக்கும்தான். ஆனால் தரையிறங்கும்போது கால்மேல் விழும் சுமை எடையின் இருமடிப்படி கூடுகிறது. எடை கூடினால் குறைந்தபட்ச வேகமும் கூடும், அந்த வேகத்தோடு அந்த எடை வந்து தரையைத் தொடும். 12 கிலோவுக்கு மணிக்கு 48 கி.மீ. என்றிருந்த ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காத வேகம், 14.1 கிலோவுக்கு 52 ஆகிறது. நான்கு கி.மீ. என்ன பெரிது என்று தோன்றும். ஆற்றல் கணக்கில் அது 38 சதவீதம் அதிகம்.

ஆகவே பால்சாவைக் கடையில் பார்த்து வாங்காதீர்கள், தராசில் வைத்து வாங்குங்கள். 100 மி.மீ. அகலம், 915 மி.மீ. நீளம், 2.5 மி.மீ. தடிமன் உள்ள ஒரு பலகை 25 கிராம் இருந்தால் அது வாலுக்கு. 35 கிராம் என்றால் இறக்கைத் தோலுக்கு. 45க்கு மேல் இருப்பதை எஞ்சின் பக்கம் வைத்துக்கொள்ளலாம். ஒரே கட்டில் வரும் பலகைகளிலேயே இந்த மூன்று ரகமும் இருக்கும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் எடையை எழுதி வையுங்கள். வாலின் பாகங்களை ஒட்டுமுன் ஒரு பட்டியல் போட்டு, மேல்வரம்பு இத்தனை கிராம் என்று குறித்துவிடுங்கள். மீறினால் அந்தப் பாகத்தைத் திரும்பச் செய்யுங்கள். ஒட்டிய பிறகு ஒரு கிராமையும் எடுக்க முடியாது. எலிவேட்டர் சர்வோக்களை விமானி இருக்கைக்குக் கீழே வைத்து, 8 மி.மீ. கார்பன் குழாயைத் தள்ளுகோலாகப் பின்னுக்கு விடுங்கள். குழாய் நடுவில் வளைந்து துள்ளாமலிருக்க 30 செ.மீ.க்கு ஒரு தாங்கி வேண்டும். மார்க் ஒன்றின் வால் சக்கரம் மடங்காதது. அங்கே அலங்கார உலோகம் எதுவும் தேவையில்லை, பியானோ கம்பி எனப்படும் 3 மி.மீ. எஃகுக் கம்பியில் 50 மி.மீ. சக்கரம் போதும்.

கண்ணாடியிழை போடும்போதும் இதே கவனம். இறக்கைக்குச் சதுர மீட்டருக்கு 49 கிராம் துணி, வாலுக்கு 25 கிராம் துணி. உலர்ந்த துணியை மரத்தின் மேல் சுருக்கமில்லாமல் விரித்து, ரெசினை நடுவில் ஊற்றி, பழைய வங்கி அட்டையால் ஓரத்துக்கு இழுத்துத் தள்ளுங்கள். அதன்மேல் டாய்லெட் பேப்பர் சுருளை உருட்டினால் மிஞ்சிய ரெசினை அது உறிஞ்சிவிடும். துணியின் நெசவு தெளிவாகத் தெரிந்து, மேற்பரப்பு பளபளக்காமல் மங்கலாக இருப்பதுதான் சரியான நிலை. பளபளத்தால் ரெசின் அதிகம். எனக்கு முதலில் அந்தப் பளபளப்பு அழகாகத் தெரிந்தது. துணியின் எடை அளவுக்குத்தான் ரெசினும் இருக்கவேண்டும். நான் இரண்டரை மடங்கு போட்டிருந்தேன். பிரைமரை மூன்று முறை அடிப்பதானால் அதில் இரண்டு பங்கு தேய்த்தபின் தூசியாகத் தரைக்கு வந்திருக்க வேண்டும்.

வண்ணத்தைப் பற்றி ஒரு சொல். இந்த விமானத்துக்கு நான் தேர்ந்தது பிரிட்டிஷ் விமானப்படையின் 234ஆம் படையணியின் வண்ணம். இரண்டாம் உலகப்போரில் மதராஸ் மாகாணம் போர் நிதி திரட்டித் தந்ததற்காக 79, 234, 264 ஆகிய மூன்று பிரிட்டிஷ் படையணிகளுக்கு மதராஸ் பிரெசிடென்சி என்ற பெயர் சேர்ந்தது. அவற்றில் 1940இல் ஸ்பிட்ஃபயர் ஓட்டியது 234. உடலில் ஏஇசட் என்ற எழுத்துகள். நம் ஊர்ப் பெயர் சேர்ந்த விமானம் என்பதால் எனக்கு இதில் தனிப் பிடிப்பு உண்டு. 1940 கோடைக்கால விமானம் என்றால் மேலே மண் நிறமும் கரும்பச்சையும், அடியில் ஸ்கை எனப்படும் வெளிர்பச்சை நிறம். வாலருகே ஸ்கை நிறப் பட்டையும் அதே நிற மூக்குக் கூம்பும் 1940 நவம்பர் இறுதியில்தான் வந்தன. அழகாக இருக்கிறதே என்று பட்டையைப் போட்டால் விமானத்தின் காலம் மாறிவிடும். மூக்குக் கூம்பு கறுப்பாகவே இருக்கட்டும்.

இறக்கையைக் கட்டும்போது கவனிக்கவேண்டியது முறுக்கு. நிஜ ஸ்பிட்ஃபயரில் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் கோணம் 2 டிகிரி மேல்நோக்கி, நுனியில் அரை டிகிரி கீழ்நோக்கி. மொத்தம் இரண்டரை டிகிரி. நுனி முதலில் ஸ்டால் ஆகி விமானம் ஒரு பக்கமாகக் கவிழாமலிருப்பதற்கான ஏற்பாடு இது. நீள்வட்ட இறக்கையின் நுனி ஒடுங்குவதால் மாதிரியில் இது இன்னும் முக்கியம். தட்டை மேசையில் வைத்து ஒட்டினால் முறுக்கு போய்விடும். ஒவ்வொரு ரிப்பின் பின்முனைக்கும் கீழே, வரைபடம் சொல்லும் உயரத்துக்கு மரத்துண்டு வைத்து, மேல்தோலும் கீழ்த்தோலும் ஒட்டி முடியும்வரை இறக்கையை அதிலிருந்து எடுக்காதீர்கள். தோல் ஒட்டிய பிறகு முறுக்கைத் திருத்த வழியில்லை. இதை மட்டும் நான் முதல் தடவையே சரியாகச் செய்தேன். அதனால்தான் 14 கிலோ விமானம் ஆறு முறை இறங்கும்வரை பிழைத்திருந்தது.

இனி, பிய்ந்த கால். ஸ்பிட்ஃபயரின் இரு சக்கரங்களுக்கும் இடைவெளி குறைவு, இந்த அளவில் சுமார் 35 செ.மீ. கால்கள் உடலையொட்டித் தொடங்கி வெளிப்பக்கமாக மடங்குகின்றன. நேராக இறங்கும்போது வரும் சுமை பெரிய ஆபத்தல்ல, சுருள்வில் ஏற்றுக்கொள்ளும். கெடுப்பது பக்கவாட்டுச் சுமை. இறங்கும்போது விமானம் சற்றே சாய்ந்து, ஒரு சக்கரத்தில் பக்கவாட்டாகப் பத்துக் கிலோ விசை விழுகிறது என்று வையுங்கள். கால் நீளம் 24 செ.மீ., மேலே அதைப் பிடிக்கும் திருகாணிகளுக்கு இடையே 6 செ.மீ. நெம்புகோல் கணக்கில் திருகாணிகளை 40 கிலோ விசை பிடுங்குகிறது. நான் 6 மி.மீ. பிளைவுட் பலகையை இரண்டு பால்சா ரிப்களுக்கு நடுவே ஒட்டி, ரிப்களுக்கு 1.5 மி.மீ. பிளைவுட் துணைப்பலகை கொடுத்திருந்தேன். பலகை உடையவே இல்லை. ரிப்பின் பால்சாதான் நாரோடு உரிந்து வந்தது. போதாக்குறைக்கு அவசரத்தில் ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சிப் பசை போட்டிருந்தேன். அது சீக்கிரம் இறுகினாலும் இழைக்குள் ஊறாது, அதிர்ச்சியில் விட்டுவிடும்.

இப்போது செய்திருப்பது இது. காலின் இரு பக்கமும் உள்ள ரிப்களை முழுதாக 3 மி.மீ. பிர்ச் பிளைவுட்டில் வெட்டி, ஸ்பார் எனப்படும் இறக்கையின் நீள உத்தரங்களில் முன்னதிலிருந்து பின்னதுவரை ஓடவிட்டேன். 6 மி.மீ. தாங்குபலகை அந்த ரிப்களில் வெட்டிய பள்ளத்தில் நாக்கும் காடியுமாகப் பொருந்தும். வெறும் ஒட்டு இல்லை. மூலைகளில் முக்கோணச் சட்டம். எல்லாம் 24 மணி நேர எபாக்சி, அதில் நறுக்கிய கண்ணாடியிழை கலந்து. மேலே சந்திப்புகளில் கார்பன் நூல். திருகாணி எம்4, அதாவது 4 மி.மீ., பின்னால் மரத்தில் குத்திப் பிடிக்கும் முள்நட்டு. மரத்திருகு கூடவே கூடாது. கூடிய எடை இரு பக்கமும் சேர்த்து 150 கிராமுக்குள்தான், அதுவும் ஈர்ப்பு மையத்துக்குப் பக்கத்தில். அங்கே எடை கூடினால் மூக்கில் ஈயம் கேட்காது. எடையைக் குறைக்கவேண்டிய வாலில் தாராளம் காட்டி, கூட்டவேண்டிய இந்த இடத்தில் கஞ்சத்தனம் செய்திருந்தேன்.

கால் எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பதையும் அளந்துவிடுங்கள். விமானத்தைக் கிடைமட்டமாக நிறுத்தி, ஈர்ப்பு மையத்திலிருந்து ஒரு நூல்குண்டு தொங்கவிட்டால், மையத்திலிருந்து சக்கர அச்சுக்குப் போகும் கோடு அந்த நூலுக்கு முன்னால் சுமார் 15 டிகிரியில் இருக்கவேண்டும். அதற்குக் குறைந்தால் புல்லில் மூக்குக் குப்புற விழும். எனக்கு 10 டிகிரிதான் இருந்தது. தரையில் ஓட்டிப் பழகும்போதே நான்கு புரொப்பெல்லர், ஒவ்வொன்றும் 30 பவுண்ட். மடக்க நான் முதலில் போட்டது காற்றழுத்த முறை. குளிரில் வளையங்கள் கசிந்து கால் பூட்டிக்கொள்ளாமல் நின்றது. மின்மோட்டார் கால்களே நிம்மதி. ஆனால் அவற்றுக்குத் தனி பேட்டரி கொடுங்கள், ஏனென்றால் கால் எங்காவது சிக்கி மோட்டார் இழுத்துக்கொண்டே இருந்தால் ரிசீவரின் மின்சாரத்தைத் தின்றுவிடும்.

எஞ்சின் விஷயத்தில் எனக்கு ஒன்றரை மாதம் போனது. மூடி இல்லாமல் தரையில் அருமையாக ஓடும். மூடியைப் போட்டுப் பறந்தால் நான்காவது நிமிடத்தில் மூச்சு திணறும். இரண்டாவது பறத்தலில் எஞ்சின் நின்றே போய் சறுக்கிக்கொண்டு இறக்கினேன். கை நடுக்கம் அடங்க அரை மணி நேரமானது. இதில் இரண்டு காரணங்கள் பின்னிக் கிடந்தன. முதலாவது சூடு. காற்று உள்ளே வர வழி பெரிதாக வைத்திருந்தேன், வெளியே போக வழி சின்னது. வெளிவாயில் உள்வாயிலைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்கவேண்டும், ஏனென்றால் சூடான காற்று விரிகிறது. வந்த காற்று சிலிண்டரைச் சுற்றி ஓடிவிடாமல் அதன் துடுப்புகளுக்கு இடையே புகுந்து போகும்படி, 4 மி.மீ. இடைவெளி விட்டு மெல்லிய பிளைவுட் தடுப்பு வையுங்கள். வெளிவாயிலை உடலுக்கு அடியில், நிஜ விமானத்தின் காற்றுக்குழாயைப் போலச் செய்த பாகத்தின் பின்புறம் மறைத்துவிடலாம், வெளியிலிருந்து தெரியாது.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரிவதில்லை. இந்த எஞ்சின்களில் இருப்பது டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு வைத்த கார்புரேட்டர். அதன் ஒரு பக்கத் தகட்டில் குண்டூசி அளவுக்கு ஒரு துளை இருக்கும். வெளிக்காற்றின் அழுத்தத்தை அந்தத் துளை வழியாகத்தான் டயாஃப்ரம் உணர்ந்து பெட்ரோலை அளந்துவிடுகிறது. மூடிக்குள் காற்று அழுத்தம் ஏறி இறங்கினால் டயாஃப்ரம் ஏமாறும், கலவை மாறும். தரையில் கலவையைச் சரிசெய்யும் ஊசியை எவ்வளவு திருகினாலும் தீராது, காரணம் கோளாறு பறக்கும் வேகத்தில்தான் பிறக்கிறது. தகட்டைக் கழற்றி, துளைமேல் 3 மி.மீ. பித்தளைக் குழாய் ஒன்றைச் சால்டர் செய்து, ரப்பர் குழாயால் அதை உடலின் உள்ளே, காற்று அசையாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள். செலவு ஒரு பவுண்டுகூட இல்லை. இதைச் செய்த அன்றிலிருந்து எஞ்சின் ஒருமுறையும் திணறவில்லை. அந்த ஒன்றரை மாதத்தை நினைத்தால் இன்றும் ஆதங்கமாக இருக்கிறது.

மின்பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தீப்பொறிப் பெட்டியும் அதன் பேட்டரியும் மூக்கில். ரிசீவர் அங்கிருந்து குறைந்தது 30 செ.மீ. பின்னால். இரண்டின் கம்பிகளும் ஒன்றையொன்று தொடவே கூடாது. எஞ்சினை நிறுத்தும் ஸ்விட்ச் ஒளி வழியாக இயங்கும் ரகமாக இருக்கட்டும். ரிசீவருக்கு இரண்டு பேட்டரி, இரண்டு ஸ்விட்ச். எலிவேட்டரின் இரு பாதிக்கும் தனித்தனி சர்வோ. இணைப்புக் கம்பிகள் எம்3, முனையில் உருண்டை மூட்டு. எலிவேட்டரின் பின்விளிம்பைக் கையால் அசைத்தால் ஒரு மி.மீ.க்கு மேல் ஆடக்கூடாது. ஆடினால் வேகத்தில் படபடத்து வாலையே பிய்த்துவிடும். எஞ்சின் ஓடும்போதும் நிற்கும்போதும் ரேடியோ எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று சோதனை செய்து ஒப்பிடுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும்.

பறத்தலில் நான் கற்றவை மூன்றுதான். மேலெழும்போது எஞ்சின் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள், விமானம் இடப்பக்கம் இழுக்கும், சுக்கானை வலப்பக்கம் கொஞ்சம் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். அடுத்து ஃபிளாப், இறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் பலகை. நிஜ ஸ்பிட்ஃபயரில் அதற்கு நடுநிலையே கிடையாது, மேலே அல்லது முழுதாக 85 டிகிரி கீழே. மாதிரியில் 60 டிகிரி போதும், மூன்று நொடி எடுத்து மெதுவாக இறங்கும்படி அமையுங்கள். ஃபிளாப் இறங்கும்போது மூக்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்று உயரத்தில் பார்த்து எலிவேட்டரில் சில மி.மீ. கலந்துவிடுங்கள். மூன்றாவது, ஸ்டாலையும் அதே உயரத்தில் செய்து பார்த்துவிட்டுத்தான் இறங்கவேண்டும். தரையிறங்கும்போது எஞ்சினை முழுதாக மூடாமல், புல்லுக்கு ஒரு சாண் உயரம்வரை கொஞ்சம் இழுவை வைத்திருந்து, முன் சக்கரம் இரண்டிலும் தொடவிட்டு, வால் தானாகக் கீழே வரட்டும். மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொடவேண்டும் என்று மூக்கைத் தூக்கினால், 35 செ.மீ. இடைவெளியில் ஒரு இறக்கை சரிந்துவிடும்.

பழுது பார்த்த ஐந்து மாதத்தில் கால்களோடு வாலையும் திருத்தினேன். கிடைவாலையும் எலிவேட்டரையும் லேசான பால்சாவில் புதிதாகக் கட்டினேன். சர்வோக்கள் இருக்கைக்குக் கீழே வந்தன. அலுமினியச் சக்கரம் அலமாரிக்குப் போனது. செங்குத்துவால் உடலோடு ஒட்டியது, அதை விட்டுவிட்டேன். வாலில் 400 கிராம் இறங்கியதும் மூக்கிலிருந்து 900 கிராம் ஈயத்தை உளியால் பெயர்த்தெடுத்தேன். அந்த ஈயக் கட்டிகளைக் கையில் ஏந்தியபோது வந்த ஆத்திரமும் நிம்மதியும் ஒன்றோடொன்று கலந்திருந்தன. காலில் சேர்த்த பலத்தையும், இருக்கைக்குக் கீழே வந்த சர்வோக்களையும் தள்ளுகோலையும் கணக்கிட்டால் எடை இப்போது 13.3 கிலோ. அதன்பின் இருபத்து மூன்று முறை இறங்கியிருக்கிறது. கால் மடங்கும் பள்ளத்தின் உள்பக்கம் விரல் அகலத்துக்கு ஒரு திறப்பு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் பறந்து முடிந்ததும் சின்ன டார்ச்சைப் பிடித்து, தாங்குபலகை ரிப்போடு சேரும் ஒட்டுக்கோட்டில் முடி அளவு வெள்ளைக் கீறல் தெரிகிறதா என்று பார்த்த பிறகே இறக்கையைக் கழற்றி வண்டியில் ஏற்றுகிறேன்.